தெரிந்தே நடந்தது



இந்தச் சொற்பொழிவின் தலைப்பை அறக்கட்டளையினர் என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். "மனித உரிமை பற்றி ஏதாவது பேசுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த 'ஏதாவது' என்னை ஒரு மாதம் படுத்திவிட்டது. கடைசியில், முப்பது ஆண்டுகளாக எனக்குள் கிடக்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கேள்வி என்னுடையதுகூட இல்லை. ஒரு பாட்டியுடையது.

நான் வழக்கறிஞராகப் பதிவுசெய்து நான்கைந்து வருடம் ஆகியிருந்தது. தெற்கே ஒரு காலனியில் குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள். சென்னையிலிருந்து உண்மை அறியும் குழு ஒன்று புறப்பட்டது. குழுவில் நான்தான் இளையவன். அதனால் எழுதுகிற வேலை எனக்கு வந்தது: யார் வீடு, என்னென்ன போயிற்று, யாருக்கு எங்கே அடி. கரிந்த ஓலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். நான் தாளை மடிக்கும்போது கேட்டார்: "இவ்வளவும் எழுதிக்கிட்டீங்களே தம்பி, இத யாரு படிப்பா?"

கலெக்டர் படிப்பார், மந்திரி படிப்பார், பத்திரிகைக்காரர்கள் படிப்பார்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். பாட்டி சிரித்துவிட்டார்.

இனப்படுகொலையை மனித உரிமைப் பணியால் தடுக்க முடியுமா என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். பொதுவாகப் பேசினால் அது காற்றோடு போய்விடும். ஆகவே ஒரே ஒரு நாட்டை, அதன் நான்கே வருடங்களை எடுத்துக்கொள்கிறேன்: 1990 முதல் 1994 வரையிலான ருவாண்டா. பாட்டியின் கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. மகிழ்ச்சியான பதில் என்று சொல்ல மாட்டேன்.

அதற்கு முன் ஒரு மனிதரை அறிமுகப்படுத்த வேண்டும். 'ஜெனோசைட்' என்ற சொல்லை உண்டாக்கிய ரஃபேல் லெம்கின். போலந்து யூதர், வழக்கறிஞர். 1921இல் பெர்லின் நகரத் தெருவில் ஓர் ஆர்மீனிய இளைஞன், துருக்கியின் முன்னாள் அமைச்சர் தலாத் பாஷாவைச் சுட்டுக் கொன்றான். ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாக அழிக்க ஆணையிட்டவர் தலாத். அப்போது மாணவராக இருந்த லெம்கின் தம் பேராசிரியரிடம், தலாத்தை ஏன் எந்த நாடும் கைதுசெய்யவில்லை என்று கேட்டிருக்கிறார். பேராசிரியர் சொன்ன விளக்கம்: ஒருவன் கோழி வளர்க்கிறான், தன் கோழிகளை அவனே அறுக்கிறான், அதில் உனக்கென்ன? இறையாண்மை என்ற பெரிய சொல்லுக்கு அன்றைய சட்டத்தில் இதுதான் பொருள்.

இரண்டாம் உலகப் போரில் லெம்கின் தப்பி ஸ்வீடனுக்குப் போனார். அங்கே உட்கார்ந்து அவர் செய்த காரியம் நாஜிகள் வெளியிட்ட அரசாணைகளைச் சேகரித்தது. யாருக்கு எவ்வளவு ரேஷன், யார் எங்கே குடியிருக்கலாம், எந்த மொழியில் பள்ளி நடத்தக் கூடாது என்று எல்லாம் கெஜட்டில் வந்தவைதான். அவற்றை அடுக்கிப் பார்த்தால் ஓர் இனத்தை அழிக்கும் திட்டம் தானே தெரிந்தது. 1944இல் அமெரிக்காவில் வெளியான அவர் நூலில்தான் அந்தச் சொல் முதலில் அச்சேறியது. 1948 டிசம்பர் 9 அன்று பாரிஸில் ஐ.நா. பொது அவை இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை ஏற்றது. அந்த உடன்படிக்கையின் தலைப்பில் 'தண்டித்தல்' என்ற சொல்லுக்கு முன்னால் 'தடுத்தல்' இருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். லெம்கின் தம் உறவினர்கள் 49 பேரை இழந்தவர். செத்தபின் வரும் தீர்ப்பு அவருக்குப் போதவில்லை.

இனி ருவாண்டா. கேரளத்தைவிடச் சிறிய நாடு. ஹூட்டு பெரும்பான்மை, டுட்சி சிறுபான்மை. இருவருக்கும் மொழி ஒன்று, ஊர் ஒன்று, கும்பிடும் சாமியும் பெரும்பாலும் ஒன்று. ஆண்டுகொண்டிருந்த பெல்ஜியக்காரர்கள் 1930களில் ஆளுக்கொரு அடையாள அட்டை கொடுத்து அதில் இனத்தையும் எழுதினார்கள். சுதந்திரம் வந்த பிறகும் அட்டையில் அந்த வரி போகவில்லை. 1994இல் சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அந்த அட்டையைத்தான். நம்மில் சிலருக்கு இந்த இடத்தில் 1983 ஜூலைக் கொழும்பும், கும்பல்களின் கையில் இருந்த வாக்காளர் பட்டியலும் நினைவுக்கு வரும். இலங்கைக்குப் பின்னால் வருகிறேன்.

1990 அக்டோபரில், உகாண்டாவில் அகதிகளாக வளர்ந்த டுட்சிகளின் படை வடக்கிலிருந்து உள்ளே நுழைந்தது. உள்நாட்டுப் போர் தொடங்கியது. அந்த மாதமே உள்ளூர் டுட்சிக் குடும்பங்கள் மீது கொலைகள் தொடங்கின. படைக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அடுத்த ஆண்டு வேறோர் இடம், அதற்கடுத்த ஆண்டு இன்னோர் இடம். ஒவ்வொன்றிலும் சில நூறு பேர். அரசு ஒவ்வொரு முறையும் 'மக்களின் தன்னெழுச்சியான கோபம்' என்று சொன்னது. இந்தச் சொற்றொடரை மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ளலாம். எந்த நாட்டிலும் பழசாவதில்லை.

1992 மார்ச்சில் புகெசெரா என்ற பகுதியில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அரசு வானொலி ஒரு செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தது: டுட்சிகள் முக்கியமான ஹூட்டுத் தலைவர்களைக் கொல்லப்போகிறார்கள், நைரோபியிலுள்ள ஒரு மனித உரிமைக் குழு இப்படி எச்சரித்திருக்கிறது என்று. எச்சரிக்கை பொய். பொய்க்கு மாட்ட ஒரு முகமூடி தேவைப்பட்டபோது அவர்கள் எடுத்தது மனித உரிமைக் குழுவின் முகமூடி! நம் சொல்லுக்கு மக்களிடம் மதிப்பிருக்கிறது என்பதை நமக்கு முன்னால் அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். சில நாட்களில் புகெசெராவில் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அங்கே நியாமாட்டாவில் பல ஆண்டுகளாக வாழ்ந்துவந்த அந்தோனியா லொகாத்தெல்லி என்ற இத்தாலியப் பெண்மணி வெளிநாட்டு வானொலிகளுக்குத் தொலைபேசியில் பேசினார். இது தானாக எழுந்த கோபமில்லை, ஏற்பாடு செய்யப்பட்டது என்றார். உடனே அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். நியாமாட்டா தேவாலயத்துப் பக்கத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

அவரை ஏன் கொன்றார்கள்? உலகம் கேட்டுவிடுமே என்ற பயத்தில்தான். இந்தப் பயம் முக்கியமானது. இந்தப் பேச்சு முழுவதும் இதைத்தான் சுற்றி வரப்போகிறது.

ருவாண்டாவின் உள்நாட்டு மனித உரிமைக் குழுக்கள் கூடிப் பேசி வெளிநாட்டு அமைப்புகளை அழைத்தன. 1993 ஜனவரியில் பத்துப் பேர் கொண்ட பன்னாட்டு விசாரணைக் குழு வந்தது. நம் ஊர் உண்மை அறியும் குழுவின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஊராகப் போனார்கள். நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசினார்கள். ஓர் ஊரில் உள்ளாட்சித் தலைவரின் வீட்டை ஒட்டிய நிலத்தைத் தோண்டச் செய்தார்கள். எலும்புகள் வந்தன. 1990 அக்டோபரிலிருந்து குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டிருக்கிறார்கள், அரசின் உச்சியில் இருப்பவர்களுக்கு இதில் பங்கிருக்கிறது என்று மார்ச் 8 அன்று அறிக்கை வெளியிட்டார்கள்.

அந்த அறிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. குழு நாட்டுக்குள் இருந்த இரண்டு வாரமும் கொலைகள் நின்றிருந்தன. குழு விமானம் ஏறியதும் மறுபடி தொடங்கி, வடமேற்கில் சுமார் 300 பேர் செத்தார்கள். இதைப் படிக்கும்போது பலர் இரண்டாவது பாதியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் முதல் பாதியைப் பார்க்கச் சொல்கிறேன். கையில் துப்பாக்கி இல்லாத பத்துப் பேர் நோட்டுப் புத்தகத்தோடு சுற்றினார்கள். அதற்கே இரண்டு வாரம் கை நின்றது. கொலை யாரோ நிறுத்தினால் நிற்கும், தொடங்கினால் தொடங்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

அறிக்கை வந்த சில வாரங்களில், 1993 ஏப்ரலில், ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் செனகல் நாட்டு பக்ரே வாலி ந்தியாயே வந்தார். டுட்சிகள் டுட்சிகள் என்பதாலேயே கொல்லப்படுகிறார்கள், 1948 உடன்படிக்கை இதற்குப் பொருந்தக்கூடும் என்று எழுதினார். அவர் அறிக்கை ஆகஸ்ட் 11 அன்று வெளியானது. அதே ஆகஸ்டின் பின்பாதியில், அமைதிப்படை அனுப்பலாமா என்று பார்க்க கனடா நாட்டுத் தளபதி ரொமியோ டலேர் தலைமையில் ஐ.நா. ஒரு குழுவை ருவாண்டாவுக்கு அனுப்பியது. டலேருக்கு ந்தியாயேயின் அறிக்கை கொடுக்கப்படவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. ஒரே நிறுவனம், ஒரு துறை எழுதியதை இன்னொரு துறை படிக்கவில்லை. பாட்டி அன்று சிரித்த சிரிப்பு எனக்கு இங்கே கேட்கிறது.

டலேர் அமைதிப்படைத் தளபதியாகத் திரும்பி வந்தார். 1994 ஜனவரி 11 அன்று அவர் நியூயார்க்குக்கு அனுப்பிய தொலைநகல் இன்று உலகப் புகழ்பெற்றது. ஆளும் கட்சியின் இளைஞர் படைக்குப் பயிற்சி கொடுத்த ஒருவன் ரகசியமாக வந்து சொன்னது: தலைநகர் கிகாலியில் டுட்சிகளைப் பதிவுசெய்து பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், 20 நிமிடத்தில் 1,000 பேரைக் கொல்ல எங்கள் ஆட்களால் முடியும், ஆயுதம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறேன். அந்த இடத்தில் புகுந்து ஆயுதங்களைப் பறிக்கப்போகிறேன் என்று டலேர் எழுதினார். கூடாது, அது உங்கள் ஆணைக்குள் வராது, செய்தியை ஜனாதிபதியிடம் போய்ச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. திருட்டைப் பற்றித் திருடன் வீட்டு வாசலிலேயே புகார் கொடுக்கச் சொன்னதுபோல. பதில் வந்தது அமைதிப்படைத் துறையிலிருந்து. அன்று அத்துறையின் தலைவர் கோஃபி அன்னான். இவரும் மறுபடி வருவார்.

இடையில் கடைகளுக்கு வெட்டுக்கத்திகள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. 1993 ஜனவரி முதல் 1994 மார்ச் வரை 5,81,000 கத்திகள் இறக்குமதியாயின. உரிமம், ரசீது, எல்லாம் முறைப்படி. 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். என்ற தனியார் வானொலி ஜோக்கும் பாட்டுமாக டுட்சிகளைக் 'கரப்பான் பூச்சி' என்று அழைக்கப் பழக்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் காலை பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானாவும் அவருக்குக் காவலிருந்த பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேரும் கொல்லப்பட்டார்கள். அவர் ஹூட்டு, மிதவாதி. அடுத்த நூறு நாளில் குறைந்தது ஐந்து லட்சம் பேர்; ஐ.நா. கணக்கில் எட்டு லட்சம். ருவாண்டா அரசின் கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல். இதை இங்கே விரிக்க மாட்டேன். விரித்துச் சொன்ன நூல்கள் நூலகத்தில் இருக்கின்றன.

நான் சொல்ல வந்தது ஒரு தொலைபேசி உரையாடல் பற்றி. கிகாலியில் மோனிக் முஜவமாரியா என்ற மனித உரிமைப் பணியாளர். விசாரணைக் குழுவுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர். அமெரிக்காவில் பஃபலோ நகரில் அலிசன் டெ ஃபோர்ஜ், ருவாண்டா வரலாற்றில் ஆய்வு செய்தவர், அதே குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவர். ஏப்ரல் 7 காலை அலிசன் மீண்டும் மீண்டும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தார். சிப்பாய்கள் வீடு வீடாக வருகிறார்கள் என்று மோனிக் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில், என் பிள்ளைகளைப் பார்த்துக்கொள், இனி நடப்பதை நீ கேட்க வேண்டாம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்தார். பிறகு கூரைக்கு அடியில் பரணில் ஒளிந்து, எப்படியோ தப்பினார்.

நான்கு மாதத்துக்கு முன் வெள்ளை மாளிகையில் கிளின்டன் மோனிக்கைச் சந்தித்து அவர் துணிச்சலைப் பாராட்டியிருந்தார். எனவே மோனிக் எங்கே என்று கிளின்டன் விசாரித்தார். பத்திரம் என்று தெரிந்ததும் அக்கறை வடிந்துவிட்டது. ஒருவரை முகம் தெரிந்தால் தேடுகிறோம். லட்சம் பேருக்கு முகம் எங்கிருந்து வரும்?

ஏப்ரல் 21 அன்று மோனிக்கும் அலிசனும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் அந்தோனி லேக்கைப் பார்த்தார்கள். நாங்கள் என்ன செய்தால் நீங்கள் அசைவீர்கள் என்று கேட்டார்கள். இன்னும் சத்தம் போடுங்கள் என்றார் லேக். அதாவது, என் மேசையில் தொலைபேசி மணி அடிக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் பட்ரிசியா ஷ்ரோடர் பிறகு சொன்னது இன்னும் சுடும்: தம் தொகுதியிலிருந்து வந்த தொலைபேசிகள் ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களுக்கு என்ன ஆகுமோ என்று கேட்டன. கொரில்லாக்களுக்காகப் பேசியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் ஆண்டுக்கணக்காக உழைத்து, கொரில்லாவுக்கு வெளிநாட்டில் ஒரு கூட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். டுட்சிக்கு அப்படி ஒரு கூட்டத்தை யாரும் சேர்க்கவில்லை. மனித உரிமை அமைப்புகள் அதுவரை அதிகாரிகளுக்கும் தூதர்களுக்கும் எழுதிக்கொண்டிருந்தன. தெருவில் போகிறவரிடம் பேசவில்லை. அந்தக் குற்றத்தில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு.

அதே ஏப்ரல் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2,500 பேர் கொண்ட அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. அவையில் அந்த ஆண்டு தற்காலிக உறுப்பினராக ஒரு நாடு உட்கார்ந்து எல்லா விவாதத்தையும் கேட்டுக்கொண்டிருந்தது. எந்த நாடு? ருவாண்டா! கொலை செய்யும் அரசின் பிரதிநிதி உலகம் என்ன செய்யப்போகிறது, என்ன செய்யாது என்பதை அன்றன்றைக்கே ஊருக்குச் சொல்ல முடிந்தது.

'இனப்படுகொலை' என்ற சொல்லைச் சொல்லாமலிருக்கப் பட்ட பாட்டைத் தனிச் சொற்பொழிவாகவே செய்யலாம். அந்தச் சொல்லைச் சொன்னால் ஏதாவது செய்தாக வேண்டிவரும் என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மே மாதக் குறிப்பு ஒன்று வெளிப்படையாகவே கவலைப்பட்டது. பாதுகாப்பு அவையின் அறிக்கை உடன்படிக்கையில் உள்ள வரையறையை ஏறக்குறைய அப்படியே எடுத்து எழுதிவிட்டுச் சொல்லை மட்டும் விட்டுவிட்டது. கொலை வானொலியின் அலைவரிசையை மறிக்கலாமே என்ற யோசனைக்கு, விமானம் பறக்க மணிக்கு 8,500 டாலர் ஆகும், சட்டச் சிக்கலும் உண்டு என்று பதில் எழுதினார்கள். லெம்கின் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க வாழ்க்கையைக் கொடுத்தார். ஐம்பது வருடத்தில் அந்தச் சொல்லைச் சுற்றிப் போகும் வழியைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். யார் படித்தார்கள்?

கொலையாளிகள் படித்தார்கள். அலிசன் டெ ஃபோர்ஜ் பிறகு பல ஆண்டுகள் ஆவணங்களைத் தோண்டி 1999இல் வெளியிட்ட பெரிய நூலில் இதற்கு அடுக்கடுக்காகச் சான்று தருகிறார். கிகாலியில் மில் கொலின் என்ற விடுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தஞ்சம் புகுந்திருந்தார்கள். ஏப்ரல் 23 அன்று ஓர் இராணுவ அதிகாரி வந்து எல்லாரையும் வெளியேற்றச் சொன்னார். உள்ளே இருந்தவர்கள் கைவசம் இருந்த ஒரே தொலைபேசி இணைப்பில் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், வாஷிங்டன் என்று அழைத்தார்கள். அங்கிருந்து கிகாலிக்கு அழைப்புகள் திரும்பி வந்தன. கொஞ்ச நேரத்தில் மேலதிகாரி ஒருவர் வந்து ஆணையைத் திரும்பப் பெற்றார். நூறு நாளும் அந்த விடுதிக்குள் யாரும் கொல்லப்படவில்லை. வெளிநாட்டில் கண்டனம் வலுத்தபோது கொலை வானொலியே, சாலையில் பிணங்களைப் போட்டு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. கொல்லாதே என்று சொல்லவில்லை, பார்க்கும்படி போடாதே என்றது. அசிங்கமான கவனம்தான். ஆனால் கவனம்.

வெளியில் யார் என்ன சொல்கிறார்கள் என்று அவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 1990இல் கொஞ்சம் கொன்று பார்த்தார்கள், சத்தமில்லை. 1992இல் இன்னும் கொஞ்சம். ஒரு தூதர் முகம் சுளித்தார். 1993இல் அறிக்கை வந்தது. பெல்ஜியம் தூதரை அழைத்துப் பேசியதோடு சரி, உதவிப் பணம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் ஒத்திகை. எவ்வளவு தூரம் போகலாம் என்று அவர்கள் அளந்துகொண்டே வந்தார்கள், நாம் ஒரு முறையும் கோடு கிழிக்கவில்லை. ஆகவே என் கருத்து இது: மனித உரிமைப் பணியின் காலம் ஏப்ரல் 1994 இல்லை. அக்டோபர் 1990. முந்நூறு பேர் செத்த இடத்தில், முப்பது பேர் செத்த இடத்தில், அந்த ஊர்க் காவல் அதிகாரியின் பெயரைச் சொல்லி அவர் சம்பளத்தையும் பதவியையும் பயணத்தையும் தொடும்படி சத்தம் போட வேண்டிய இடம் அதுதான். ஆறு இலக்கத்தில் சாவு எண்ணும்போது, தடுப்பதற்கு நம்மிடம் ஏதும் மிஞ்சுவதில்லை.

நண்பர்களே, இங்கே உட்கார்ந்து ருவாண்டாவை மட்டும் பேசிவிட்டுப் போக என்னால் ஆகாது. 1994 ஏப்ரல் 11 அன்று கிகாலியில் ஒரு தொழிற்பள்ளியில் சுமார் 2,000 பேர் பெல்ஜிய வீரர்களை நம்பித் தங்கியிருந்தார்கள். வெளியேறும்படி ஆணை வந்தது. வீரர்கள் போனார்கள். அன்று மாலைக்குள் அந்த மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். 2008 செப்டம்பரில் கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் திரண்டு, போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். பணியாளர்கள் போனார்கள். அடுத்த மாதங்களில் வன்னியில் என்ன நடந்தது என்பதை இந்த அவையில் நான் சொல்ல வேண்டியதில்லை. கொழும்பில் இருந்த ஐ.நா. ஊழியர்கள் செத்தவர்களைக் கவனமாக எண்ணி வைத்திருந்தார்கள். எண்ணிக்கையை வெளியிடவில்லை. 2012இல் சார்ல்ஸ் பெற்றி தலைமையிலான ஐ.நா. உள் ஆய்வு இதை ஐ.நா.வின் தோல்வி என்றே எழுதியது. பெற்றி 1994இல் ருவாண்டாவிலும் ஐ.நா. பணியில் இருந்தவர்.

அந்த மௌனத்தை உடைத்தவர் ஒருவர் உண்டு. 2009 மார்ச் 13 அன்று, ஜனவரி 20க்குப் பிறகு 2,800க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டிருக்கக்கூடும் என்று எண்ணிக்கையோடு அறிக்கை விட்டார் ஐ.நா. மனித உரிமை ஆணையர். எண்ணை எடுத்துவிடுங்கள், வார்த்தையைத் தணியுங்கள் என்று ஐ.நா.வுக்குள்ளேயே அழுத்தம் வந்ததை மீறித்தான் விட்டார். அவர் நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஒரு தமிழ்ப் பேருந்து ஓட்டுநரின் மகள். இங்கிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேத்தி. எனக்கு அவர் முதலில் தெரியவந்தது ருவாண்டாவால்தான்.

ருவாண்டாவுக்காக அருஷாவில் அமைந்த பன்னாட்டு நீதிமன்றத்தில் டாபா ஊரின் உள்ளாட்சித் தலைவர் ழான்-பால் அகயேசு மீது வழக்கு. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவி பிள்ளை. குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், வேறு எதையோ சொல்லும்போது தன் சிறு மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். பெண்ணுரிமை அமைப்புகள் கூடி நீதிமன்றத்துக்கு மனு எழுதின: இதை ஏன் சேர்க்கவில்லை? 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, பன்னாட்டு நீதிமன்றம் ஒன்று இனப்படுகொலைக்குத் தண்டித்த முதல் தீர்ப்பு. பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று சொன்ன முதல் தீர்ப்பும் அதுவே. கொலை வானொலிக்காரர்களைத் தண்டித்த 2003 தீர்ப்புக்கும் அவரே தலைமை. இத்தனைக்கும் அடியில் இருப்பது யாரோ ஒருவர் ஒரு கிராமத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்ட வாக்குமூலங்கள்.

தடுத்த கதையே இல்லையா என்று கேட்பீர்கள். முழுமையாகத் தடுத்தது என்று எதையும் காட்ட மாட்டேன். பாதியில் நிறுத்தியது ஒன்று உண்டு. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யா எரிந்தது. 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். எல்டொரெட் பக்கத்தில் தேவாலயத்துக்குள் தஞ்சம் புகுந்தவர்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். ருவாண்டாவைப் பார்த்திருந்த யாருக்கும் அடுத்த காட்சி தெரிந்தது. கென்யாவின் இளைஞர்கள் சிலர் சில நாட்களில் ஓர் இணையத்தளம் அமைத்து, எங்கே என்ன நடக்கிறது என்று மக்கள் செல்பேசியில் அனுப்பிய செய்திகளை வரைபடத்தில் குறித்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'உஷாஹிதி', சுவாஹிலியில் சாட்சியம். ஜனவரி 22 அன்று நடுவராக வந்திறங்கினார் கோஃபி அன்னான். ஆமாம், அந்தத் தொலைநகலின் கோஃபி அன்னான். ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை நாட்டைவிட்டு நகரவில்லை. பிப்ரவரி 28 அன்று கையெழுத்தானது. பிறகு யாரும் பெரிதாகத் தண்டிக்கப்படவில்லை, அது உண்மை. ஆனால் ஆயிரம் லட்சமாகவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1946இல் இனப்படுகொலையைக் குற்றமாக அறிவிக்க ஐ.நா.வில் தீர்மானம் கொண்டுவந்த மூன்று நாடுகள் கியூபா, பனாமா, இந்தியா. உடன்படிக்கையை இந்தியா முறைப்படி ஏற்றது 1959 ஆகஸ்ட் 27 அன்று. மறுநாள், ஆகஸ்ட் 28 அன்று, லெம்கின் நியூயார்க்கில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு ஒரு கைவிரல் எண்ணிக்கைக்குக் கொஞ்சம் மேல்தான் ஆள் வந்தார்கள். ஏற்ற உடன்படிக்கைக்கு ஒரு சட்டம் இயற்ற வேண்டும் என்பது உடன்படிக்கையிலேயே இருக்கிறது. நாம் இயற்றவில்லை. 1984 தில்லிப் படுகொலைகள் தொடர்பான வழக்கில், 2018 டிசம்பரில் தீர்ப்பளித்த நீதிபதிகள் எஸ். முரளிதரும் வினோத் கோயலும் இந்தக் குறையை எழுத்திலேயே சுட்டிக்காட்டினார்கள். அதற்குப் பிறகு பழைய தண்டனைச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதிய சட்டம் எழுதினார்கள். அதிலும் அந்தச் சொல் இல்லை.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் அதைக் கேட்க வேண்டும். எனக்கு உங்களிடம் வேறொன்றும் வேண்டும். அந்தக் காலனிக்கு ஆறு மாதம் கழித்து அச்சிட்ட அறிக்கையோடு மறுபடி போனேன். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. பேரனை அழைத்துத் தன் பக்கத்தைப் படிக்கச் சொன்னார். அவர் பெயரை நான் தப்பாக எழுதியிருந்தேன். வேறொருவர் பெயராகவே ஆகிவிட்டது. கோபப்படவில்லை. "நாளைக்குக் கோர்ட்டுல கேட்டா, இது நான் இல்லைன்னு சொல்லிருவான் தம்பி" என்றார்.

இன்றும் மாதத்துக்கு ஒரு குழுவாவது எங்காவது புறப்படுகிறது. போகிறவர்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள். கண் சரியில்லை, கை நடுங்குகிறது. கூட வாருங்கள். பேருந்துச் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பெயரை ஒருமுறை எழுதிவிட்டு, எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும் பொறுமை உள்ள இரண்டு பேர் போதும்.